சாக்கே ஆலைக்குப் போன சாமி

"கழட்டு சாமி, சீக்கிரம்" என்று முனிராஜ் கழுத்தைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றான்.

நின்ற இடம் ஜப்பானில் ஒரு சாக்கே ஆலையின் கிணற்றடி. சாக்கே என்றால் அரிசியில் செய்கிற மது. மார்கழிக்கு முந்தைய நாட்கள். ஓசூர் குளிரே குளிர் என்று நினைத்திருந்தவனுக்கு அங்கே காது மடல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிணற்றுக்கு மர மூடி போட்டு, அதைச் சுற்றி வைக்கோல் கயிறு கட்டி, கயிற்றில் வெள்ளைக் காகிதத்தை மடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சாராயம் காய்ச்சுகிற தண்ணீருக்கு அத்தனை மரியாதை.

முனிராஜ் கழுத்தில் தொங்கியது துளசி மாலை. கார்த்திகை முதல் தேதி ஓசூரில் ஐயப்பனுக்காகப் போட்டுக்கொண்டது. மலைக்குப் போய்த் திரும்பும் வரை கழட்டக் கூடாது. கழட்டும்போதும் தன் கையால் கழட்டக் கூடாது. குருசாமி கழட்டிவிட வேண்டும். குருசாமி ஓசூரில் இருந்தார். ஜப்பானில் நான்தான் இருந்தேன்.

"நீ எத்தனை தடவ மலைக்குப் போய் வந்த ஆளு! உன் கை பட்டாப் போதும். சாயந்தரம் மறுபடி போட்டுவிட்ரு. ஐயப்பனுக்கு இந்த ஊரு எங்க இருக்குதுன்னே தெரியாது."

என் இரண்டு கையும் கோட்டுப் பாக்கெட்டில் இருந்தன. கோட்டு, கம்பெனி இரவல் கொடுத்தது.

கை வெளியே வந்ததா இல்லையா என்று சொல்வதற்கு முன்னால் சிலதைச் சொல்ல வேண்டும்.

பாராட்டச் சொல்லும் வாசகர்

ஜப்பான் ஹாஸ்டலில் நாங்கள் சமைத்த லட்சணத்தைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்த வாசகர் ஒருவர், "அப்பேர்ப்பட்ட நாட்டுக்குப் போய் வந்தவர் ஒரு வார்த்தையாவது பாராட்டக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

பாராட்டத்தான் ஆள் நிறைய இருக்கிறார்களே. எங்கள் பர்சனல் மேனேஜர் வரதராஜன் திரும்பி வந்த பிறகு பல வருஷம் அதை ஒன்றையே செய்துகொண்டிருந்தார். ஓசூரில் மழை பெய்தால்கூட, ஜப்பானில் மழை எப்படி ஒழுங்காகப் பெய்யும் என்று சொல்வார்.

எங்கள் தொழிற்சாலை வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்வது. புது மெஷின் பழக எங்களில் இரண்டு ஆபரேட்டர்களை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஒருவன் நான். மத்தூர்ப் பக்கத்துக்காரன், பத்தாவது படித்தவன், மத்திகிரியில் வாடகை வீடு. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும். மெஷின் பேசாது என்பதால்தான் அதனோடு ஒத்துப்போனேன்.

இன்னொருவன் முனிராஜ், பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், சண்டைக்குத் தமிழ். மூன்றிலும் வாய் ஓயாது. மெஷினில் அளவு வைப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அதனால்தான் அனுப்பினார்கள். மற்றபடி அவனை டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பக்கூட யாரும் யோசிப்பார்கள்.

எங்கள் இருவரையும் மேய்க்க வந்தவர் வரதராஜன். மெஷினுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் ஜப்பானுக்கு ஆள் போகிறது என்றால் மேனேஜர் இல்லாமல் எப்படிப் போகும்?

ஊது

முனிராஜ் குடிப்பான். பாகலூரிலிருந்து கொஞ்ச தூரம் சைக்கிள் மிதித்தால் கர்நாடகம். அங்கே பாக்கெட்டில் அடைத்த சாராயம் கிடைக்கும். ஷிப்டு முடிந்ததும் எல்லை தாண்டுகிற சைக்கிள் கூட்டத்தில் அவன்தான் முன்னால் போவான். திரும்பும்போது சைக்கிள் அவனைத் தள்ளிக்கொண்டு வரும்.

இதை ஒழிக்கிறேன் என்று வரதராஜன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கேட்டில் ஒரு செக்யூரிட்டியை நிறுத்தி, உள்ளே வருகிற ஒவ்வொரு தொழிலாளியும் அவன் முகத்தில் ஊத வேண்டும் என்று உத்தரவு போட்டார். "ஊது" என்பான் அவன். ஊத வேண்டும். காலையில் கேழ்வரகுக் களியும் கீரையும் தின்றுவிட்டு வந்த வாயை இன்னொருவன் மூக்குக்கு நேரே திறந்து காட்டுவதைப் போல ஒரு கேவலம் கிடையாது. மோந்து பார்க்கிறவனும் பாவம், மத்தியானம் சாப்பாட்டைத் தொட மாட்டான்.

வரதராஜன் கார் உள்ளே வரும்போது மட்டும் அதே செக்யூரிட்டி சல்யூட் அடிப்பான். அவர் தினம் சாயந்தரம் கிளப்புக்குப் போய் என்ன அருந்துகிறார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் காருக்கு வாய் இல்லை.

அந்த ஊதலில் முனிராஜ் பலமுறை மாட்டினான். கடைசியாக மாட்டியபோது, இன்னொரு தடவை குடித்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வருஷத்தில் ஒரு காலத்தில் மட்டும் அவன் மனுஷன். கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டால் தை பிறக்கும் வரை ஒரு சொட்டு தொடமாட்டான். கேட்டில்கூட மாலை போட்டவர்களை ஊதச் சொல்வதில்லை. "போங்க சாமி" என்று விட்டுவிடுவார்கள். மலையிலிருந்து இறங்கி மாலை கழட்டிய அன்றைக்கே அவன் சைக்கிள் எல்லை தாண்டிவிடும். ஐயப்பனை இரண்டு மாசத்துக்குச் சம்பளமில்லாத வாட்ச்மேனாக வைத்திருந்தான்.

நாங்கள் கிளம்பிய அன்று ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு அவன் மனைவி ரத்னம்மா வந்திருந்தாள். அவன் டிக்கெட் எடுக்கப் போன நேரத்தில் என் பக்கம் வந்தாள். மணிக்கட்டில் வளையல் உடைந்து கிழித்த பழைய தழும்பு.

"அண்ணா, அவரு கழுத்துல அது இருக்கறவரைக்கும் எனக்கு நிம்மதி. அங்க எவனாவது ஊத்திக் குடுத்தா வேலையும் போயிரும், நானும் போயிருவேன். நீங்கதான் பாத்துக்கணும்."

நான் தரையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"அவரு மேல தப்பு சொல்லமாட்டேங்கண்ணா. அடிக்கறது அவரு இல்ல. அந்தச் சனியன் உள்ள போயி அடிக்குது. மறுநாள் அவரே அழுவாரு, எனக்கு எதுவுமே தெரியல ரத்னா, தன்னால வந்துருச்சும்பாரு."

அதற்கும் தலையாட்டினேன்.

ஜப்பானில் அவன் விரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. செருப்புப் போடக் கூடாது என்பதற்கு இந்த நாட்டில் விலக்கு உண்டு என்று அவனே தீர்மானித்துக்கொண்டான். பச்சைத் தண்ணீர்க் குளியலுக்கும் அப்படியே. கறுப்பு வேட்டிக்குப் பதில் கறுப்பு ஸ்வெட்டர். ஆனால் குடியைத் தொடவில்லை. அதுவரை.

மாட்டுத் தீவன வாசனை

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களை வேனில் அழைத்துப் போனவர் ஓகாவா. அங்கத்துத் தொழிற்சாலையில் எங்களுக்காக இங்கிலீஷ் பேச விட்டிருந்த இளைஞர். சாக்கே ஆலை அவருடைய சித்தப்பா குடும்பத்தினுடையது. அதனால்தான் வெளியாட்களை விடாத அறைகளைக்கூடக் காட்டச் சம்மதித்தார்கள். முந்தின நாளே எங்களிடம் ஒன்று சொல்லியிருந்தார். நாட்டோ என்று நூல் நூலாக இழுபடுகிற சோயாப் பயறு ஒன்று அங்கே காலையில் தின்பார்கள். ஆலைக்கு வருகிறவர்கள் அதைத் தின்றுவிட்டு வரக் கூடாது, அதில் இருக்கிற கிருமி மதுவுக்கான பூஞ்சையைக் கெடுத்துவிடும் என்றார். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது வரதராஜன் ஜப்பானின் ஒழுங்கைப் பற்றி அவருக்கே விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆலை பழைய கட்டடம். கீழே கரியாகக் கறுத்த பலகைச் சுவர், மேலே சுண்ணாம்பு வெள்ளை. வாசல் கூரையின் இறவாணத்தில் ஊசி இலைகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய பந்து ஒன்று தொங்கியது. புது மது வடியும்போது பச்சையாகக் கட்டித் தொங்கவிடுவார்களாம். அது காய்ந்து பழுப்பாவதைப் பார்த்து ஊரார் மது முதிர்ந்ததைத் தெரிந்துகொள்வார்களாம். எங்கள் பக்கம் சாராயம் காய்ச்சுவதை ஊரார் தெரிந்துகொள்ளப் பந்து தேவையில்லை. போலீஸ் ஜீப் நிற்கும்.

உள்ளே நுழைந்ததும் வரதராஜன் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "என்ன நறுமணம்! தெய்வீகம்!"

நானும் இழுத்துப் பார்த்தேன். மத்திகிரி மாட்டுப் பண்ணையில் பசுந்தீவனத்தைக் குழியில் போட்டு மூடி, மாசக்கணக்கில் கழித்துத் திறப்பார்கள். அன்றைக்கு எங்கள் தெரு முழுக்க ஒரு புளிப்பும் இனிப்புமான வாடை வரும். அதேதான். மாடுகளும் இப்படித்தான் கண்ணை மூடும்.

எங்களுக்கு எல்லாம் காட்டியவர் ஆலையின் தலைமை வடிப்பாளர். பல் போன கிழவர், நெற்றியில் துண்டு கட்டியிருந்தார். அவரும் வேலையாட்களும் பனி மூடுகிற மலைக் கிராமங்களின் விவசாயிகளாம். குளிர் காலம் முழுக்க வீடு வாசலை விட்டு இங்கேயே தங்கி மது வடித்துவிட்டு, வெயில் வந்ததும் வயலுக்குத் திரும்புவார்களாம்.

முதலில் அரிசியைக் காட்டினார்கள். ஒவ்வொரு அரிசியையும் தேய்த்துத் தேய்த்துப் பாதியாக்கி, ஜவ்வரிசிக் குருணை மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். வெளிப்பகுதி இருந்தால் ருசி முரடாகிவிடுமாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் எங்கள் வீட்டில் அரிசிச் சோறு. மற்ற நாளெல்லாம் களி. நான் அந்தக் குருணையைக் கையில் வைத்துக்கொண்டு, தேய்த்துக் கழித்த மாவெல்லாம் எங்கே போனது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் எதைத்தான் கேட்டேன்?

பெரிய மரத்தொட்டியில் அந்த அரிசி ஆவியில் வெந்துகொண்டிருந்தது. வெந்ததை ஆட்கள் துணியில் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். நடக்கவில்லை, ஓடினார்கள். ஆறிவிடக் கூடாதாம். ஏணி ஏறி ஊறல் தொட்டிகளை எட்டிப் பார்த்தோம். வெள்ளை நுரை பொங்கி, ஓலைக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ரொம்பக் குனிந்தால் மூச்சு முட்டி உள்ளே விழுந்துவிடுவீர்கள் என்று ஓகாவா எச்சரித்தார்.

"விழுந்தா நீந்திக்கினே குடிக்கலாம்" என்றான் முனிராஜ். மூக்கு விடைத்திருந்தது. கட்டிப்போட்ட நாயின் முன்னால் கறி வைத்த மாதிரி இருந்தான்.

மேனேஜரின் காலை உணவு

அடுத்தது பூஞ்சை அறை. வெந்த அரிசியைப் பரப்பி, மேலே பச்சைப் பொடியைத் தூவிப் பூஞ்சை பிடிக்க வைக்கிற அறை. ஆலையின் உயிரே அதுதான் என்றார்கள். கதவுக்கு முன்னால் கை கழுவி, குல்லாய் மாட்டச் சொன்னார்கள். கிழவர் ஒவ்வொருவரையும் பார்த்து ஏதோ கேட்டார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஓகாவா மொழிபெயர்த்தார்.

ரவை உப்புமா என்று நான் முணுமுணுத்தேன்.

வரதராஜன் முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, "நாட்டோ! எவ்ரிடே நாட்டோ!" என்றார். தன்னை ஜப்பான்காரனாகவே மதிக்க வேண்டும் என்ற ஆசையில் தினமும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவந்தவர் அவர்.

கிழவர் ஒரு அடி பின்னால் போனார். கதவை இழுத்துச் சாத்தினார். ஓகாவா பலமுறை குனிந்து மன்னிப்புக் கேட்டு, மேனேஜரை மட்டும் முற்றத்தில் போய் நிற்கச் சொன்னார். முற்றத்திலும் அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்திலிருந்த கூடைகளை ஒருவன் ஓடி வந்து எடுத்துப் போனான்.

எங்கள் வாயையெல்லாம் மோந்து பார்க்க ஆள் போட்டவரை, வாயை வைத்தே வெளியே நிறுத்திவிட்டார்கள். ஜப்பானைப் பாராட்டவில்லை என்று சொன்ன வாசகர் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

பூஞ்சை அறைக்குள் சித்திரை வெயில் மாதிரி சூடு. வேலையாட்கள் பனியனோடு நின்றார்கள். முனிராஜ் ஸ்வெட்டரைக் கழற்றி, சட்டைப் பொத்தானையும் திறந்துவிட்டான். மாலை வெளியே வந்தது.

கிழவர் அதைப் பார்த்தார். ஓகாவா மேனேஜரைச் சமாதானப்படுத்த முற்றத்துக்குப் போயிருந்தார். முனிராஜ் அரிசிப் பலகைமேல் குனிந்து மோந்துகொண்டிருந்தான். கிழவர் என் பக்கம் திரும்பி, தன் கழுத்தைத் தொட்டுக் காட்டிப் புருவத்தைத் தூக்கினார்.

எனக்கு இங்கிலீஷ் காதில் ஏறும், பேச வராது. ஜப்பான் பாஷையும் வராது. தமிழே சரியாக வாயில் வராது. ஆனால் பாஷையே இல்லாத இடத்தில் எனக்குக் கூச்சமும் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மாலையைக் காட்டினேன். கையால் மலை வரைந்தேன். கும்பிட்டேன். டம்ளரைத் தூக்கிக் குடிப்பது போலக் காட்டி, ரொம்ப அழுத்தமாகக் கையை ஆட்டினேன். கூடாது.

கிழவர் தலையாட்டினார். வேலையாட்களைக் காட்டி, தூரத்தில் எங்கோ இருக்கிற வீட்டைக் காட்டி, தானும் கையை ஆட்டினார். அவர்களும் குளிர் காலம் முழுக்க எதையெதையோ விட்டுவிட்டுத்தான் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். முனிராஜ் எதையும் பார்க்கவில்லை.

கிணற்றடி

வெளியே வந்தபோது வரதராஜன் முகம் கறுத்து நின்றார். பட்ட அவமானத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் எங்கள் மேல் இறக்கினார்.

"இப்ப ருசி பார்க்க உட்கார வைப்பாங்க. ஊத்தறதை மறுத்தா அவங்களுக்குப் பெரிய அவமானம். ரெண்டு கம்பெனி உறவு இது. எல்லாரும் குடிக்கணும். மாலை கீலைன்னு மானத்தை வாங்கக் கூடாது. புரியுதா?"

ஓசூரில் குடித்தால் வேலை போகும். ஜப்பானில் குடிக்காவிட்டால் போகும். இரண்டையும் அதே வாய் சொன்னது.

அவர் நகர்ந்ததும் முனிராஜ் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனான். ஆரம்பத்தில் சொன்ன இடம்.

"மேனேஜரே ஆர்டர் போட்டுட்டாரு. இனி யாரு கேக்கப் போறா? கழட்டு."

நான் பேசவில்லை. கையும் பாக்கெட்டை விட்டு வரவில்லை. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பது மெஷின் ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். அவனும் அதை நம்பித்தான் கழுத்தை நீட்டினான். வாய்க்கு வராதது கைக்கு வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"ஏம்பா, கை செத்துப்போச்சா? கொஞ்ச நேரந்தானய்யா! ரத்னாவா இங்க வந்து பாக்கப்போறா?"

பாக்கெட்டுக்குள் விரலை இறுக்கிக்கொண்டேன்.

"தூ! ஊமைக் கோட்டான்!"

தன் கையால் கழட்டப் பயம். வெறி பிடித்தவன் போலச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டான். ஸ்வெட்டரை மேலே இழுத்தான். துண்டையும் சுற்றிக்கொண்டான்.

"கதவச் சாத்திட்டேன். உள்ள இருக்கறவருக்கு வெளிய நடக்கறது தெரியாது. வா."

உங்க வாயை யாரு சார்?

பாய் விரித்த அறையில் சப்பணமிட்டு உட்கார்ந்தோம். ஓகாவாவின் சித்தப்பா சின்னக் கிண்ணங்களில் ஊற்றினார். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. மரியாதைக்கு உதட்டில் வைத்தேன். ஊறிப்போன சோற்றுத் தண்ணீரில் இருமல் மருந்து விட்ட மாதிரி இருந்தது. வரதராஜன் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கண்ணை மூடினார். அடிக்கடி மூடினார்.

முனிராஜுக்கு ஊற்ற வந்தவர் கிழவர். அவர் கையில் இருந்தது வேறு பாத்திரம், இரும்புக் கெண்டி. அதிலிருந்து வெள்ளையாக, கெட்டியாக, ஆவி பறக்க ஏதோ விழுந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கிழவர் ஊற்றும்போது என்னைப் பார்த்து ஒரு முறை கண் சிமிட்டினார்.

முனிராஜ் எட்டிப் பார்த்தான். "உங்களுக்கெல்லாம் தண்ணிதான். நமக்குப் பாரு, ஒரிஜினல். கள்ளு மாதிரி."

ஒரே மூச்சில் இறக்கினான். "அடேங்கப்பா! தித்திப்பா வந்து சுர்ருன்னு ஏறுது!" நீட்டினான். இன்னொன்று. இன்னொன்று. நான்கைந்து கிண்ணம் போயிருக்கும். கண் சிவந்தது. தலை தொங்கியது. உட்கார்ந்தபடியே வலமும் இடமும் ஆடினான். நாக்கு குழறியது. பாகலூர் சாலையில் நான் பார்த்திருக்கிற முனிராஜ் அப்படியே வந்துவிட்டான்.

"சார்" என்றான்.

"உட்காருப்பா" என்றார் வரதராஜன்.

எழுந்தே நின்றான். "நான் கேக்கறேன் சார். கேட்ல நிக்க வெச்சி எங்க வாயை மோந்து பாக்கறீங்களே. உங்க காரு வந்தா அவன் என்னா சார் பண்றான்? சல்யூட் அடிக்கறான். உங்க வாயை யாரு சார் மோந்து பாக்கறது?"

"டேய், உட்காருடா."

"இன்னிக்கி மோந்து பாத்துட்டாங்கல்ல! உள்ளயே வுடலயே உங்கள! எவ்ரிடே நாட்டோ!"

ஓகாவா சிரித்துக்கொண்டே என்ன சொல்கிறார் என்று கேட்டார். சாக்கேயைப் புகழ்கிறான் என்றார் வரதராஜன்.

"உங்க வாயை யாரு சார் மோந்து பாக்கறது?" முனிராஜ் ஆடியபடியே சுவரைப் பிடித்துக்கொண்டான்.

வரதராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் விழும்படி சொன்னார்: "நீதான் சாட்சி. குடிச்சிட்டு மேலதிகாரியை அவமானப்படுத்தினான். ஊருக்குப் போனதும் இவன் சீட்டைக் கிழிக்கிறேன்." பிறகு ஓகாவா பக்கம் திரும்பி, என் தொழிலாளிக்குப் போதை தலைக்கேறிவிட்டது, மன்னிக்கவும் என்று இங்கிலீஷில் சொன்னார்.

ரத்னம்மாவின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. பாக்கெட்டுக்குள் கையை இறுக்கி என்ன பயன்?

ஓகாவாவுக்குப் புரியவில்லை. போதையா? கிழவரிடம் கேட்டார். கிழவர் கெண்டியைத் தூக்கிக் காட்டி, பல்லில்லாத வாயால் சிரித்தார். ஓகாவா திரும்பி மேனேஜரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். வரதராஜன் வாய் திறந்தபடி இருந்தது.

"என்ன சார்?" என்று நான் கேட்டுவிட்டேன். அந்தப் பயணத்தில் நானாகக் கேட்ட முதல் கேள்வி.

"அது சாக்கே இல்லையாம்" என்றார். "பூஞ்சை அரிசியில காய்ச்சின இனிப்புக் கூழாம். போதையே கிடையாதாம். திருவிழாவுல குழந்தைங்களுக்குக் குடுப்பாங்களாம்."

முனிராஜின் உடம்பு ஆட்டத்தின் நடுவில் நின்றது. ஓடுகிற மெஷினுக்குக் கரண்ட் போன மாதிரி. ஒரு கால் பாதி தூக்கியபடி இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தான். கண்ணில் இருந்த சிவப்புகூடப் போய்விட்டது. எங்கே போனதோ.

"அப்போ தெளிவாத்தான் சொல்லியிருக்கான்" என்றார் வரதராஜன்.

இந்த இடத்தில் அவன் நிமிர்ந்து, ஆமாம் தெளிவாகத்தான் சொன்னேன் என்று சொல்லியிருந்தால், நான் இன்றைக்கும் அவனைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பேன். அவன் கையைக் கட்டிக்கொண்டான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க சார். ஏதோ வாயில வந்துருச்சு சார்."

வரதராஜன் அதற்கு மேல் என்ன செய்வார்? குடித்தான் என்று எழுத முடியாது, அவன் குடித்தது கூழ். திமிராகப் பேசினான் என்று எழுதினால், என்ன பேசினான் என்றும் எழுத வேண்டும். எழுத வேண்டியவர் வாயோ தூரத்திலேயே மணந்தது. "வேன் வந்தாச்சா?" என்று கேட்டபடி எழுந்து போனார். பூட்ஸ் போடும்போது ஓகாவா தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஓசூரில்

வேனில் முனிராஜ் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "கிழவன்கிட்ட நீதான சொன்ன?"

தலையாட்டினேன்.

"துரோகி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். விரதம் கெடாமல் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் அது. கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டருக்குள் கையை விட்டு மாலையைத் தடவிப் பார்த்தான். ஏதோ லாபம் கிடைத்த மாதிரி முகம் மாறியது. தூங்கிவிட்டான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தூக்கிய கால் கண் முன்னால் நின்றது. கூழ் குடித்து ஆடியவன், ஆட்டத்தை நிறுத்த எத்தனை நேரம் எடுத்துக்கொண்டான்? ஒரு நொடிகூட இல்லை. அப்படியென்றால் பாகலூரில் இத்தனை வருஷமாக அந்தப் பெண்ணை அடித்தது எது? உள்ளே போன சனியனா, போகாமலேயே ஆடத் தெரிந்த இவனா?

ஊர் திரும்பியதும் ரத்னம்மா மத்திகிரி வீட்டுக்கே வந்துவிட்டாள். என் மனைவி காபி போட உள்ளே போனாள்.

"குடிச்சாருங்களாண்ணா?"

"ஒரு சொட்டுகூட இல்லம்மா."

அவள் முகம் மலர்ந்தது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். பெண்களிடம் நான் பேசுவது அவ்வளவுதான். ஆனால் அன்று நிறுத்தவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, கிணற்றடியிலிருந்து கெண்டிவரை எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜரின் நாட்டோவுக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கூழக் குடிச்சிட்டா ஆடுனாரு?"

"ஆமாம்மா. நாக்கு குழறிச்சு. சுவத்தப் பிடிச்சுக்கிட்டான். கூழுன்னு தெரிஞ்சதும் சட்டுன்னு நின்னுட்டான். கால் தரையில பாவறதுக்குள்ள தெளிஞ்சிருச்சு."

அவள் இன்னும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தழும்பு இருந்த மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காபியைக் குடிக்காமலே கிளம்பிப் போனாள்.

தை பிறந்தது. முனிராஜ் மலைக்குப் போய் வந்தான். மாலை கழட்டினான். அன்றோடு குடியை விட்டான் என்று எழுதினால் வாசகர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அவன் விடவில்லை. சைக்கிள் அன்றைக்கே எல்லை தாண்டியது.

மறுநாள் கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். ஜப்பானுக்குப் பிறகு அவன் என்னோடு பேசியது அன்றுதான்.

"என்னாத்த சொல்லி வெச்ச அவகிட்ட?"

நான் அவனுக்கும் ஒரு டீ சொன்னேன்.

"நேத்து நல்லா ஏத்திக்கினு வீட்டுக்குப் போறேன். சோறு ஆறிக் கெடக்குது. கைய ஓங்கிட்டேன். எப்பவும் ஓடுவா. நேத்து ஓடல. அடுப்பங்கரையிலயே நின்னுக்கினு, 'நிறுத்து, நீ கூழு குடிச்சே ஆடற ஆளுதான, எனக்குத் தெரியும்'கறா."

"நீ என்ன பண்ணே?" என்று கேட்டேன்.

டீயை ஆற்றிக்கொண்டே, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட குரலில் சொன்னான்:

"என்னா பண்றது, நின்னுட்டேன்."